தொழுநோயாளர் இல்லாத சுவர்: அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் ஓவிய மரபில் சேர்த்தலும் விலக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

பிரான்சிஸ்கன் துறவற சபையை நிறுவிய அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் (இறப்பு 1226), தம் மனமாற்றத்தின் தொடக்கமாகத் தொழுநோயாளரிடையே தாம் வாழ்ந்ததைத் தம் இறுதிச் சாசனத்தில் குறிப்பிடுகிறார். 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த பார்தி பலகை ஓவியம் அதனைக் காட்சிப்படுத்தியது. ஆனால் அந்நூற்றாண்டின் இறுதியில் அசிசிப் பேராலயத்தின் மேற்கோவிலில் வரையப்பட்ட 28 சுவரோவியங்களில் தொழுநோயாளர் இடம்பெறவில்லை. எழுத்துப் பனுவல்களோடு ஒப்பிட்டு இவ்விடுபாட்டை ஆராயும் இக்கட்டுரை, பின்பற்றத்தக்க புனிதர் வியக்கத்தக்க புனிதராக மாற்றப்பட்ட நெறியின் காட்சி வடிவமே இவ்விடுபாடு என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அசிசி பிரான்சிஸ், தொழுநோயாளர், பார்தி பலகை, பொனவெந்தூர், ஐந்து திருக்காயங்கள், சுவரோவியம், திருவுருவவியல்

முன்னுரை

மேலைக் கலை வரலாற்றில் மிகுதியாக வரையப்பட்ட புனிதர்களுள் அசிசி பிரான்சிசும் ஒருவர். பறவைகளுக்குப் போதிப்பவர், உடலில் கிறித்துவின் ஐந்து திருக்காயங்களைப் பெற்றவர், இடிந்து விழும் ஆலயத்தைத் தோளில் தாங்குபவர் என அவருடைய உருவங்கள் பொதுமனத்தில் நிலைபெற்றுள்ளன. அவர் தம்மைக் குறித்துத் தாமே சொல்லிய செய்தி இவற்றுள் எதுவுமன்று. 1226இல், இறப்பதற்குச் சற்றுமுன் உருவான இறுதிச் சாசனத்தின் தொடக்கத்தில் அவர் நினைவுகூர்வது தொழுநோயாளரை. பாவ வாழ்வில் இருந்தபோது அவர்களைக் காண்பதே தமக்குக் கசப்பாக இருந்ததென்றும், இறைவனே தம்மை அவர்களிடையே அழைத்துச் சென்றாரென்றும், முன்பு கசந்தது பின்பு இனித்ததென்றும் அவர் கூறுகிறார். பறவைகளும் திருக்காயங்களும் அச்சாசனத்தில் பேசப்படவில்லை.

ஒருவர் தம் வாழ்வின் திருப்புமுனை என்று தாமே சுட்டிய நிகழ்வு, அவர் கல்லறைமேல் எழுந்த பேராலயத்தின் வாழ்க்கை வரலாற்றுச் சுவரில் ஏன் இல்லை என்பதே இக்கட்டுரையின் வினா. இவ்விடுபாடு ஆய்வாளர் அறியாததன்று. எனினும் அதனை ஒரு தனிக்குறையாகக் காணாமல், எழுத்திலும் ஓவியத்திலும் படிப்படியாக நிகழ்ந்த ஒரு நீண்ட மாற்றத்தின் இறுதிப்படியாகக் காண்பது பயனுடையது.

எழுத்தில் நிகழ்ந்த மாற்றம்: பன்மையிலிருந்து மறைவுக்கு

ஓவியர்கள் சுவரை அணுகுமுன்பே எழுத்தில் மாற்றம் தொடங்கிவிட்டது. இறுதிச் சாசனம் தொழுநோயாளரைப் பன்மையில் சுட்டுகிறது. அங்கு ஒரு தனி நோயாளியுமில்லை, முத்தமுமில்லை, அற்புதமுமில்லை. அவர்களிடையே சென்றதும் அவர்கள்மீது இரக்கம் காட்டியதுமே சொல்லப்படுகின்றன. பிரான்சிஸ் புனிதராக அறிவிக்கப்பட்டதையொட்டிச் செலானோ தாமஸ் 1228–29இல் எழுதிய முதல் வரலாறு இப்பன்மையைக் காக்கிறது. பிரான்சிஸ் தொழுநோயாளரோடு தங்கி அவர்களுடைய புண்களைக் கழுவியதைச் சொல்லிவிட்டு, வழியில் எதிர்ப்பட்ட ஒருவரை முத்தமிட்ட நிகழ்வை அதனோடு இணைக்கிறது.

அதே தாமஸ் 1246–47இல் எழுதிய இரண்டாம் வரலாற்றில் ஒரு புதிய கூறு நுழைகிறது. பிரான்சிஸ் ஒரு தொழுநோயாளரை முத்தமிட்டுக் காசளித்தபின் குதிரைமீதேறித் திரும்பிப் பார்க்கிறார். வெட்டவெளியான அவ்விடத்தில் எவரையும் காணவில்லை. சபைத் தலைவராக இருந்த பொனவெந்தூர் 1263இல் சபைக்கு அளித்த பெருவரலாறும் இம்மறைவை ஏற்றுக்கொள்கிறது. மறைந்தவர் கிறித்துவே என்ற உட்பொருள் இதனால் வலுப்பெறுகிறது. பக்தி நோக்கில் இது நோயாளிக்கு உயர்வு தருவதாகத் தோன்றும். கதையமைப்பு நோக்கிலோ விளைவு வேறு. மறைந்துபோகும் நோயாளிக்கு நாளைய புண் இல்லை. நாளை அவரைக் கழுவவேண்டிய கடமையும் எவருக்கும் இல்லை. தொடர்ந்து செய்யவேண்டிய பணி ஒருகணத் தரிசனமாகச் சுருங்குகிறது. பொனவெந்தூர் நோயாளர் பணியைப் பிற இடங்களில் குறிப்பிடுகிறார் என்பதும் உண்மை; ஆனால் நினைவில் நிற்கும் காட்சியாக அமைந்தது மறைவே.

சபையின் சட்டப் பனுவல்களிலும் இதற்கு இணையான போக்கு உண்டு. 1221ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி, எளியோர், வலுவற்றோர், தொழுநோயாளர், வழியோர இரவலர் ஆகியோரிடையே இருப்பதில் சகோதரர்கள் மகிழவேண்டும் என்கிறது. 1223இல் திருத்தந்தை மூன்றாம் ஒனோரியஸ் ஏற்பளித்த ஒழுங்குவிதியில் தொழுநோயாளர் என்ற சொல்லே இல்லை. 1230இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி, இறுதிச் சாசனம் சகோதரர்களைச் சட்டமுறையில் கட்டுப்படுத்தாது என அறிவித்தார். 1266இல் பாரிசில் கூடிய பொதுப்பேரவை, பொனவெந்தூருக்கு முந்தைய வரலாறுகளை அழிக்குமாறு பணித்தது. தாமசின் முதல் வரலாறு அச்சேற 1768வரை காத்திருக்க நேர்ந்தது. ஆகவே 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அசிசியில் பணியாற்றிய ஓவியர்முன் இருந்தது, தேர்ந்து ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரே பிரான்சிஸ்தான்.

தொடக்ககாலப் பலகைகள்

பிரான்சிசின் தொடக்ககால உருவங்களுள் குறிப்பிடத்தக்கது சுபியாக்கோ மடத்துச் சுவரோவியம். அதில் அவர் ஒளிவட்டமோ திருக்காயமோ இன்றி நிற்கிறார். அருகில் எழுதப்பட்டிருப்பதும் ‘சகோதரர் பிரான்சிஸ்’ என்ற பெயரே. இதனோடு பொனவெந்தூரா பெர்லிங்கியேரி 1235இல் பெஷ்யா நகருக்கு வரைந்த பீடப் பலகையை ஒப்பிட்டால், ஒன்பதாண்டுகளில் சகோதரர் எவ்வளவு தொலைவு சென்றுவிட்டார் என்பது விளங்கும். பொன்னிறப் பின்னணியில், காயமுற்ற கையை உயர்த்தி, நேர்நோக்கி நிற்கும் நெடிய உருவம் அது. இருமருங்கிலும் ஆறு சிறு காட்சிகள் உள்ளன. திருக்காயம் பெறுதலும் பறவைகளுக்குப் போதித்தலும் தவிர்த்த நான்கும் இறப்பிற்குப்பின் நிகழ்ந்த குணமளிக்கும் அற்புதங்கள். இங்கு நோயாளர் உண்டு. ஆனால் அவர்கள் நலம் வேண்டிப் புனிதரிடம் வருகிறார்கள்.

புளோரன்ஸ் நகரின் சாந்தா குரோச்சே ஆலயத்தில் உள்ள பார்தி பலகை இத்திசையைத் திருப்பிவிடுகிறது. இதனை வரைந்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. காலம் 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. நடுவில் நிற்கும் உருவத்தைச் சூழ்ந்துள்ள 20 காட்சிகள் பெரிதும் தாமசின் முதல் வரலாற்றைத் தழுவுவன. அவற்றுள் ஒன்றில் பிரான்சிஸ் தொழுநோயாளரின் கால்களைக் கழுவுகிறார். கிறித்து தம் சீடரின் பாதங்களைக் கழுவிய காட்சியை இது நினைவூட்டுகிறது. கிறித்துவோடு பிரான்சிசை ஒப்பிடும் நோக்கு இங்கும் உண்டு. ஆயினும் ஒப்புமைக்கு அடிப்படையாவது காயமன்று, தொண்டு. நோயாளர் இங்கு மறையவில்லை, பன்மையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் குணமடைந்ததாகவும் காட்டப்படவில்லை. அற்புதம் நிகழாத இக்காட்சியே இறுதிச் சாசனத்திற்கு மிக அணுக்கமானது.

அசிசி மேற்கோவில்: 28 காட்சிகளின் தேர்வு

பிரான்சிஸ் புனிதராக அறிவிக்கப்பட்டதற்கு மறுநாள், 1228 ஜூலை 17 அன்று, ஒன்பதாம் கிரகோரி அசிசிப் பேராலயத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1253இல் அது அர்ச்சிக்கப்பட்டது. கீழ்க்கோவிலின் நடுக்கூடத்தில் 1260 அளவில் வரையப்பட்ட தொடர், ஒருபுறம் கிறித்துவின் பாடுகளையும் எதிர்ப்புறம் பிரான்சிசின் வாழ்வையும் இணையாக நிறுத்தியது. இரண்டாம் கிறித்து என்ற கருத்து கட்டடத்தின் அமைப்பாகவே மாறிய இடம் இது. அத்தொடரிலும் தொழுநோயாளர் இல்லை. மேற்கோவில் தொடர் அந்நூற்றாண்டின் இறுதியில், பிரான்சிஸ்கன் சபையிலிருந்து திருத்தந்தையான முதல்வர் நான்காம் நிக்கோலாசின் ஆட்சிக்காலத்தை (1288–1292) ஒட்டியோ அதன்பின்னரோ உருவானது. ஜோத்தோ இதனை வரைந்தாரா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. இக்கட்டுரையின் வினாவுக்கு அவ்விவாதம் இன்றியமையாததன்று. எவர் கை வரைந்ததாயினும், காட்சிகளைத் தேர்ந்தது சபையின் மனமே. ஒவ்வொரு காட்சியின் கீழும் இடம்பெற்ற எழுத்து, பொனவெந்தூரின் பெருவரலாற்றிலிருந்து பெறப்பட்டது.

இத்தேர்வைக் கணக்கிட்டு நோக்குவது பயன்தரும். 28 காட்சிகளில் ஐந்தில் திருத்தந்தையர் இடம்பெறுகின்றனர்: மூன்றாம் இன்னொசென்ட்டின் கனவு, ஒழுங்குவிதிக்கு ஏற்பளிப்பு, ஒனோரியஸ் முன் போதித்தல், புனிதர் பட்டம் அளித்தல், கிரகோரியின் கனவு. திருக்காயங்கள் 19ஆம் காட்சியில் தோன்றுகின்றன. 22இல் ஐயமுற்ற ஒருவரால் சோதித்து உறுதிசெய்யப்படுகின்றன. 25இல் திருத்தந்தையின் கனவில் மீண்டும் உறுதிபெறுகின்றன. காயங்களின் உண்மைக்குச் சான்று தேடும் கவலை தொடர் முழுவதும் இழையோடுகிறது. கியாரா ஃப்ருகோனி 1993இல் வெளியிட்ட நூலில், திருக்காயம் பற்றிய கருத்து சொல்லிலும் ஓவியத்திலும் பொனவெந்தூர், ஜோத்தோ காலம்வரை உருவாகி வளர்ந்ததை விரிவாக ஆராய்ந்துள்ளார். அவ்வளர்ச்சியின் மறுபக்கத்தில் தொழுநோயாளரின் தேய்வு நிகழ்ந்தது என்பது இங்கு சேர்க்கத்தக்கது.

ஏழையரின் நிலை என்ன? இரண்டாம் காட்சியில் பிரான்சிஸ் தம் மேலாடையை ஓர் ஏழைக்கு அளிக்கிறார். இருபுறமும் சரியும் குன்றுகளின் கோடுகள் அவர் தலையருகே கூடும்வகையில் அமைந்த அழகிய ஓவியம் அது. ஆனால் ஆடை பெறுபவர் யார் என்று பெருவரலாற்றை நோக்கினால், உயர்குடிப் பிறந்து வறுமையுற்ற ஒரு வீரர் என்று தெரிகிறது. இத்தொடரில் பிரான்சிசின் கையிலிருந்து கொடை பெறும் ஏழையும் நற்குடியினரே. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே சமூகத் தளத்தில் நிற்கின்றனர். தொழுநோயாளரோடு நிற்க, அத்தளத்திலிருந்து கீழிறங்க வேண்டியிருந்திருக்கும்.

புண்ணுற்ற உடலைத் தொடும் பிரான்சிஸ் இத்தொடரில் இல்லாமலில்லை. 26ஆம் காட்சியில், மருத்துவர் கைவிட்ட ஒரு காயமுற்றவரின் படுக்கையருகே அவர் தோன்றிப் புண்களைத் தொட்டுக் குணமாக்குகிறார். இது அவர் இறந்தபின் நிகழ்வது. உயிரோடிருந்த பிரான்சிஸ் தொட்டது தம்மை மாற்றிக்கொள்ள. விண்ணகப் பிரான்சிஸ் தொடுவது பிறரை மாற்ற. முன்னதில் நோயாளி கொடுப்பவர், பின்னதில் பெறுபவர். இறுதிச் சாசனத்தின்படி இனிமையைப் பெற்றவர் பிரான்சிசே என்பதை நினைத்தால், இத்தலைகீழாக்கத்தின் ஆழம் புலப்படும்.

சுல்தான் காட்சியிலும் இத்தகைய மாற்றத்தைக் காணலாம். பார்தி பலகையில் பிரான்சிஸ் சுல்தானுக்கும் அவர் மக்களுக்கும் போதிக்கிறார், அவர்கள் கேட்கிறார்கள். அசிசியில், பொனவெந்தூர் சேர்த்த தீச்சோதனைக் கதை வரையப்படுகிறது. பொனவெந்தூர் கூற்றின்படியே சுல்தான் அச்சோதனைக்கு உடன்படவில்லை. எனினும் சுவரில் தீ எரிகிறது. சுல்தானின் குருமார் விலகிச் செல்கின்றனர். உரையாடல் வெற்றியாக மாறுகிறது. பிறரோடு பகிர்ந்த ஒரு சூழலிலிருந்து பிரான்சிசைத் தனித்து உயர்த்துவதே இருவிடத்தும் நிகழ்வது.

மறுப்புகளும் விடைகளும்

இவ்வாசிப்புக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, எத்தொடரும் எல்லாவற்றையும் சொல்ல இயலாது. விடுபடல் யாவும் விலக்கல் ஆகாது. இது ஏற்கத்தக்கதே. கிளாரா துறவறம் ஏற்ற நிகழ்வும் மேற்கோவில் தொடரில் இல்லை. ஆயினும் தொழுநோயாளர் சந்திப்பு மற்றொரு நிகழ்வன்று. புனிதரே தன்கூற்றாகத் தம் மாற்றத்தின் தொடக்கமெனச் சுட்டியது அது. ஓவியர் தழுவிய பெருவரலாற்றின் முதல் இயலிலும் அது இருக்கிறது. மனமாற்றத்தைச் சொல்லும் முதல் ஐந்து காட்சிகளில் அதற்கு இடமில்லாமற் போனது தற்செயலாதல் அரிது.

இரண்டாவது, நோயுற்ற உடலின் அருவருப்பு ஓவியத்திற்கு ஏலாது என்பது. அற்புதக் காட்சிகளில் முடமும் புண்ணும் தயக்கமின்றி வரையப்பட்டதே இதற்கு விடை. பிற்காலத்திற்கும் சான்றுண்டு. செவில்லே நகரின் கரிதாத் மருத்துவமனைக்கு முரில்லோ 1672 அளவில் வரைந்த ஓவியத்தில், ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத் சொறிபிடித்த சிறுவனின் தலையைக் கழுவுகிறார். அதே முரில்லோ சில ஆண்டுகளுக்குமுன் அந்நகரின் கப்புச்சின் துறவிகளுக்கு வரைந்த பிரான்சிஸ், சிலுவையில் தொங்கும் கிறித்துவைத் தழுவுகிறார். கிறித்துவும் ஒரு கையை விடுவித்து அவரைத் தழுவுகிறார். தழுவல் அப்படியே இருக்கிறது, தழுவப்படுபவரே மாறியிருக்கிறார். நோயாளியைத் தொடும் பணி அரசகுலத்தில் பிறந்த பெண் புனிதருக்கு ஒதுக்கப்பட, சபை நிறுவனருக்கு இறைவனின் உடல் மட்டுமே எஞ்சியது.

மூன்றாவது, வறுமை இவ்வோவிய மரபிலிருந்து நீக்கப்படவில்லை என்பது. உண்மையே, ஆனால் எவ்வடிவில் இருக்கிறது என்பது நோக்கத்தக்கது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசிசிக் கீழ்க்கோவில் பீடத்தின் மேல்விதானத்தில் பிரான்சிஸ் வறுமை மங்கையை மணக்கிறார். கந்தலுடுத்து முட்களிடையே நிற்கும் அவளைச் சிறுவர் துன்புறுத்துகின்றனர். 1437–44இல் சஸ்ஸெத்தா வரைந்த பீட ஓவியத்திலும் இம்மணம் உண்டு. வறுமை உருவகமாகிப் பெண்ணுருக் கொண்டபின், வறியவர் தேவையற்றவராகின்றனர். உருவகத்திற்குப் பசியில்லை. சபைக்குள் வறுமையின் அளவு குறித்துக் கடும் பூசல் நிகழ்ந்த காலத்தில், எவரையும் புண்படுத்தாமல் வறுமையைப் போற்ற இவ்வுருவகம் வழிசெய்தது.

பின்பற்றத்தக்கவரும் வியக்கத்தக்கவரும்

இவ்விலக்கலின் அடிப்படை இரு அனுபவங்களின் வேறுபாட்டில் உள்ளது. திருக்காயங்களை எவரும் முயன்று பெற இயலாது. காண்பவர் வியக்கலாம், வணங்கலாம்; ‘நீயும் இவ்வாறு செய்’ என்று அக்காட்சி எவரிடமும் கேட்பதில்லை. தொழுநோயாளரின் காலைக் கழுவுதல் எவரும் செய்யக்கூடியது. ஆகவே எல்லாரிடமும் கேட்பது. கல்வி நிலையங்களிலும் திருச்சபைப் பதவிகளிலும் நிலைபெற்றுவிட்ட ஒரு சபைக்கு முன்னது பெருமை தந்தது. பின்னது நாள்தோறும் சுவரிலிருந்து கேள்வி கேட்டிருக்கும்.

பின்வந்த மரபு இப்போக்கையே தொடர்ந்தது. பார்தி வங்கிக் குடும்பத்தின் சிற்றாலயத்தில் ஜோத்தோ வரைந்த ஏழு காட்சிகளிலும் தொழுநோயாளர் இல்லை. 15ஆம் நூற்றாண்டில் பெல்லினி, பிரான்சிசைப் பாறையும் ஒளியும் சூழ்ந்த தனிமையில் நிறுத்தினார். கரவாஜ்ஜோ அவரை வானதூதரின் மடியில் சாய்த்தார். சுர்பரான் இருளில் மண்டையோட்டோடு மண்டியிடச் செய்தார். இவை தம்மளவில் பெரும்படைப்புகளே. ஆயினும் மூன்றிலும் பிரான்சிசின் எதிரே துன்புறும் மனிதர் எவருமில்லை.

இம்மரபின் உடைப்பு திரைப்படத்தில் நிகழ்ந்தது. ரொபெர்த்தோ ரொஸ்ஸெல்லினி 1950இல் பிரான்சிசை இறைவனின் விகடகவியாகச் சித்திரித்த படத்தில், இரவில் மணியோசையோடு ஒரு தொழுநோயாளர் கடந்து செல்கிறார். பிரான்சிஸ் பின்தொடர்ந்து சென்று தழுவுகிறார். நோயாளர் குணமடையவுமில்லை, மாயமாக மறையவுமில்லை. தம் வழியே நடந்து செல்கிறார். நிலத்தில் வீழ்ந்து அழுபவர் பிரான்சிசே. பொனவெந்தூரின் மறைவைத் தவிர்த்து, இறுதிச் சாசனத்தின் உணர்வுக்கு இக்காட்சி திரும்புகிறது.

முடிவுரை

தொழுநோயாளரின் விலக்கம் ஓர் ஓவியரின் மறதியன்று. இறுதிச் சாசனத்தில் பன்மை, தாமசின் முதல் வரலாற்றில் பன்மையோடு ஒருமை, இரண்டாம் வரலாற்றிலும் பெருவரலாற்றிலும் மறைவு, மேற்கோவில் சுவரில் இன்மை என நான்கு படிகளில் அது நிகழ்ந்தது. இவ்விலக்கத்தோடு இணைந்தே திருக்காயங்களும் திருத்தந்தையரும் மையம் பெற்றனர். நோயாளர் பிரான்சிசுக்குக் கொடுத்தவர் என்ற நிலை மாறி, பிரான்சிஸ் நோயாளருக்குக் கொடுப்பவர் என்ற நிலை உருவாயிற்று.

புனிதர் உருவங்களை ஆராய்வோர், வரையப்பட்ட காட்சிகளோடு அவற்றுக்கு மூலமான பனுவலிலிருந்து வரையப்படாமல் விடப்பட்டவற்றையும் பட்டியலிடவேண்டும் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. இதற்குரிய சான்று ஒரே கூரையின்கீழ் உள்ளது. சாந்தா குரோச்சேயின் பார்தி சிற்றாலயத்தில், ஜோத்தோவின் சுவர்கள் சூழ, பீடத்தின்மேல் இன்று நிற்பது அந்தப் பழைய பலகையே. சுவர்களில் இல்லாத தொழுநோயாளர், பலகையின் ஒரு சிறு கட்டத்தில், கழுவப்படும் கால்களோடு இன்றும் அமர்ந்திருக்கின்றனர்.